நான்கு வரி விளக்கமும் நான்கு டிக்கெட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, ஏஐ பத்தி ஏதாவது பேசுப்பா, பசங்க ஆர்வமா இருக்காங்க" என்றார். ஏஐ பற்றி 'ஏதாவது' பேச இன்று ஆளுக்குப் பஞ்சமில்லை. வேலை போகும் என்று ஒரு கட்சி, வேலை வரும் என்று ஒரு கட்சி, டீக்கடையிலேயே பட்டிமன்றம் நடக்கிறது. ஆகவே நான் என் அன்றாடப் பிழைப்பிலிருந்து ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏஐ ஏஜென்ட்டுக்கு நாம் கொடுக்கும் கருவிகளைப் பற்றி நாலு வரி விளக்கம் எழுதுகிறோமே, அது உருப்படியாக இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இவ்வளவுதான் தலைப்பு. கேட்க சப்பென்றுதான் இருக்கும். அந்த நாலு வரியால் ஒரு குடும்பம் பொங்கலுக்கு ஊர் போக முடியாமல் நின்றதையும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஏஜென்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். மூத்தவர்கள் பலர் சிவில், மெக்கானிக்கல். அவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் பேசுகிற இந்த மொழி மாடல் இருக்கிறதே, அதற்குக் கை கால் கிடையாது. எழுத்தைப் படிக்கும், எழுத்தை எழுதும், அத்தோடு சரி. டிக்கெட் போடவோ, பாக்கி பார்க்கவோ, மின்னஞ்சல் அனுப்பவோ தானாக அதனால் முடியாது. எனவே நாம் ஒரு பட்டியல் தருகிறோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற படிவம். மாடல் அதைப் படித்துவிட்டு, "இந்தக் கருவியை இந்த விவரங்களோடு கூப்பிடு" என்று எழுதித் தரும். நம்முடைய புரோகிராம் அதை ஓட்டி, விடையைத் திரும்ப மாடலிடம் காட்டும். இந்த ஏற்பாட்டை 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் ஏ.பி.ஐ.யிலேயே சேர்த்துக் கொடுத்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன் பிறகு ஊரில் உள்ள மென்பொருள் எல்லாம் தன்னை ஒரு கருவியாக மாற்றிக்கொள்ளக் கிளம்பிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, மாடலுக்கு அந்தக் கருவியின் உள்ளே இருக்கும் கோடு தெரியாது. விளக்கம்தான் தெரியும். நாங்கள் எல்லாம் ஏ.பி.ஐ. ஆவணம் படித்து வேலை பார்த்தவர்கள், ஆவணம் மோசமாக இருந்தால் நாலு தடவை ஓட்டிப் பார்ப்போம், பிழைச் செய்தியைப் படிப்போம், பக்கத்து சீட்டுக்காரரை "இது என்ன சார் கருமம்?" என்று கேட்போம். ஒரு தடவை புரிந்துகொண்டு கோடு எழுதிவிட்டால் அது வருஷக்கணக்கில் ஓடும். ஏஜென்ட்டுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு உரையாடலிலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரி அந்த விளக்கத்தை முதல் தடவையாகப் படிக்கிறது. கேட்க ஆளில்லை. கேட்கவும் தோன்றாது. நம்பிச் செய்துவிடும்.

இப்போது பொங்கல் விஷயம். பெயர் சொல்ல வேண்டாம். ஒரு பஸ் முன்பதிவு நிறுவனம். 2025 பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரே புக்கிங்கில் நாலு டிக்கெட்: கணவன், மனைவி, பெண், கணவனின் அப்பா. பெரியவருக்கு உடம்புக்கு முடியவில்லை. மகன் அந்த நிறுவனத்தின் சாட் உதவியாளரிடம், "அப்பா வரலை, அவர் டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணுங்க" என்று எழுதியிருக்கிறார். அது உடனே "உங்கள் அப்பாவின் டிக்கெட் ரத்து செய்யப்பட்டது" என்று மரியாதையாகப் பதில் சொன்னது. பயண நாள் இரவு கிளாம்பாக்கத்தில் பெட்டியும் பையுமாக மூன்று பேர் நிற்கிறார்கள். பஸ்காரர் பட்டியலைப் பார்த்து, "உங்க பேரே இல்லையே சார்" என்கிறார். நாலு இருக்கையும் ரத்தாகி, அரை மணி நேரத்தில் வேறு யாருக்கோ விற்றும் போயிருந்தது. பொங்கல் சமயம், கேட்கவா வேண்டும்!

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பெரியவர் தனியாக வீட்டில் இருக்க, அவருடைய ஊரில் பொங்கல் பானை வைக்க வேண்டியவர்கள் நடுராத்திரி ஆட்டோ பிடித்து வீடு திரும்பினார்கள். அதற்கு எந்த ரீஃபண்டும் கிடையாது.

காரணம் கண்டுபிடிக்க வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். போனதும் எல்லோரும் சொன்னது, "மாடல் சரியில்லை சார், வேற பெரிய மாடல் போட்டுடலாம்." நான் கருவிப் பட்டியலைக் கேட்டேன். 'கேன்சல் புக்கிங்' என்று ஒரு கருவி. அதன் விளக்கம்: "முன்பதிவை ரத்து செய்யும்." முடிந்தது. கேட்கும் விவரம் ஒன்றே ஒன்று, 'ஐடி'. எந்த ஐடி? பயணியின் ஐடியா, டிக்கெட்டின் ஐடியா, மொத்த புக்கிங்கின் ஐடியா? எழுதவில்லை. இன்னொரு கருவி 'அப்டேட் புக்கிங்'. அதன் விளக்கம், "முன்பதிவில் மாற்றம் செய்யும்." நாலு பேரில் ஒருவரை மட்டும் நீக்குவது இதற்குள்ளேதான் ஒளிந்திருந்தது! அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். இதில் இன்னொரு கொடுமை, ரத்து செய்த பிறகு கருவி திருப்பித் தந்த விடை 'சக்சஸ்' என்ற ஒற்றைச் சொல். எத்தனை இருக்கை போயிற்று என்று அதிலும் இல்லை. ஆகவே மாடல் தான் செய்ததாக நினைத்ததை நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டது. அந்த இரண்டு வரியை மட்டும் உங்களிடம் கொடுத்து, "அப்பா டிக்கெட்டை ரத்து செய்" என்றால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

சரி, ஒரு விளக்கத்தைக் கையில் கொடுத்து "மார்க் போடு" என்றால் எதைப் பார்ப்பது?

லேப் ரெக்கார்டு நோட்டு எழுதியவர்களுக்கு இது சுலபம். நோக்கம், உபகரணம், செய்முறை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் 'முன்னெச்சரிக்கைகள்' என்று எழுதுவோமே, பாதிப் பேர் பக்கத்து நோட்டைப் பார்த்துக் காப்பியடித்த அந்தப் பகுதி, இங்கே அதுதான் உயிர். கருவி என்ன செய்யும் என்பதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். எப்போது இதை எடுக்கக் கூடாது, பதிலுக்கு எதை எடுக்க வேண்டும், செய்தால் திரும்ப வருமா வராதா என்பதை எழுதுவதில்லை. 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்புக் கையேட்டிலேயே ஒவ்வொரு கட்டளைக்கும் 'பக்ஸ்' என்று ஒரு தலைப்பு வைத்து, அதன் குறைகளை எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னால் இருந்த அந்த நாணயம் இன்றைய கருவி விளக்கங்களில் அபூர்வம். விளம்பர வாசகம் மாதிரி, "சக்திவாய்ந்த, எளிமையான" என்றெல்லாம் எழுதி வைக்கிறார்கள். மாடலிடம் போய் எதற்கு ஐயா விளம்பரம்?

அடுத்து, விவரங்களின் அலகு. பணம் அனுப்பும் கருவியில் 'அமௌண்ட்: தொகை' என்று மட்டும் இருந்தால் என்ன செய்வது? ரேஸர்பே ஏ.பி.ஐ.யில் தொகையைப் பைசாவில் கொடுக்க வேண்டும். 500 ரூபாய்க்கு 50000 என்று எழுத வேண்டும். ஸ்ட்ரைப்பும் அப்படியே, மிகச் சிறிய நாணய அலகில். ஆனால் ஜப்பானிய யென்னுக்குச் சில்லறை கிடையாது. 500 யென்னுக்கு 500 என்றே எழுத வேண்டும். இதை விளக்கத்தில் சொல்லாவிட்டால் நூறு மடங்கு கூடும், அல்லது நூறில் ஒரு பங்காகும். தேதியும் அப்படித்தான். 03/04/2025 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வேண்டும் என்று எழுதி, பக்கத்தில் ஒரு உதாரணமும் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு உதாரணம் மூன்று வாக்கியத்தின் வேலையைச் செய்யும்.

இதையெல்லாம் வைத்து ஒரு மதிப்பெண் தாள் தயாரித்து, இன்னொரு மாடலிடம் கொடுத்தே மார்க் போடச் சொல்லும் பழக்கம் வந்திருக்கிறது. நூறு கருவிகளை ஒரே மணி நேரத்தில் சலித்துவிடலாம். 'ஐடி' போன்ற அசட்டுத்தனங்களை அது நிச்சயம் பிடித்துவிடும். நானும் உபயோகிக்கிறேன். ஆனால் அதன் மார்க்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். நீளமாக, அழகாக எழுதினால் அதற்குப் பிடித்துவிடுகிறது; பக்கம் எண்ணி மார்க் போடுகிற ஆசிரியரை நாம் பார்த்ததில்லையா! (நம் கல்லூரியில் அப்படி யாரும் இல்லை என்பதை மேடையில் இருப்பவர்கள் முன்னிலையில் தெரிவித்துக்கொள்கிறேன்.) முக்கியமாக, விளக்கம் உண்மையா என்பது அதற்குத் தெரியாது. "அதிகபட்சம் 100 முடிவுகள் தரும்" என்று அழகாக எழுதியிருக்கும். உள்ளே கோடு 20-உடன் நிறுத்திவிடும். 1999 செப்டம்பர் 23-ல் நாஸாவின் செவ்வாய்க் கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அழிந்ததே, அதில் ஆவணம் சரியாகத்தான் இருந்தது. நியூட்டன்-செகண்டில் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு பக்கத்து மென்பொருள்தான் பவுண்டு-செகண்டில் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆவணத்துக்கு மட்டும் மார்க் போட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும்.

ஆகவே என் கட்சி, விளக்கத்தைப் படித்து மார்க் போடுவது பாதி வேலைகூட இல்லை. அதை வைத்து வேலை வாங்கிப் பார்க்க வேண்டும். மாடலை மாற்றாதீர்கள், மற்ற எதையும் மாற்றாதீர்கள். விளக்கத்தை மட்டும் பழையது, புதியது என்று இரண்டு வைத்துக்கொண்டு, ஒரே கேள்விகளை இரண்டுக்கும் கொடுங்கள். நம் லேப் பரிசோதனை மாதிரியேதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது.

கேள்விகளை எங்கிருந்து எடுப்பது? நாமாக உட்கார்ந்து எழுதினால், கருவியின் பெயரையே கேள்விக்குள் போட்டு எழுதிவிடுவோம். "புக்கிங்கை ரத்து செய்" என்று எந்த வாடிக்கையாளரும் பேசுவதில்லை. "ரெண்டு பேர்தான் வர்றோம்", "பெட்டிக்குத் தனியா காசா?", "பணம் எப்ப சார் திரும்ப வரும்?" என்றுதான் வரும். தமிழில் வரும், தங்கிலீஷில் வரும், எழுத்துப் பிழையோடு வரும். விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால் கேள்வியும் ஆங்கிலத்தில்தான் வரும் என்று எண்ணிச் சோதிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். திருநெல்வேலிப் பயணியிடம் அது செல்லுமா?

அடுத்து, எதை எண்ணுவது? சரியான கருவியை எடுத்ததா? விவரங்களைச் சரியாக நிரப்பியதா? எந்தக் கருவியும் தேவையில்லாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்ததா? இந்தக் கடைசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 2024-ல் தொடங்கிய தரவரிசையில், பொருத்தமான கருவி இல்லாதபோது மாடல் கூப்பிடாமல் இருக்கிறதா என்பதையும் ஒரு தனிப் பிரிவாக வைத்துச் சோதிக்கிறார்கள். அதே 2024-ல் சியரா நிறுவனத்தார் வெளியிட்ட 'டௌ-பெஞ்ச்' என்ற சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஏஜென்ட் என்ன இனிமையாகப் பேசியது என்பதோடு திருப்தி அடையாமல், உரையாடல் முடிந்ததும் டேட்டாபேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். நம் பொங்கல் உதவியாளர் பேச்சில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும். டேட்டாபேஸைப் பார்த்திருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஒரே கேள்வியைப் பல முறை ஓட்டுவதும் அவர்கள் வழக்கம். மாடல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நடப்பதில்லை. பத்துக்கு ஒன்பது முறை சரி என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எட்டு முறையும் விடாமல் சரியாகச் செய்ய வேண்டுமென்றால்? 0.9-ஐ எட்டு தடவை பெருக்கிப் பாருங்கள், 0.43 வரும். பாதிகூட இல்லை! தினம் ஆயிரம் பேர் வந்துபோகிற இடத்தில் இந்தக் கணக்குத்தான் நிஜம்.

மாணவர்களுக்குப் பழக்கமான ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'முக்கிய வினாக்கள்' கைக்கு வந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கு மட்டும் படிப்போம். விளக்கத்தைத் திருத்தித் திருத்தி, சோதனைக் கேள்விகளுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி வளைத்துவிட முடியும். எனவே ஒரு பகுதிக் கேள்விகளை யார் கண்ணிலும் காட்டாமல் தனியே வைத்திருந்து, கடைசியில் ஒரே தடவை எடுக்க வேண்டும்.

"அப்படியானால் எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிவிட்டால் போச்சு" என்று தோன்றும். அதிலும் சிக்கல் உண்டு. கருவிப் பட்டியல் முழுவதும் வழக்கமாக ஒவ்வொரு உரையாடலிலும் மாடலின் முன்னால் விரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் காசு, நேரம், கவனச் சிதறல். 2023-ல் வந்த 'டூல்எல்எல்எம்' ஆய்வில் 16,464 ஏ.பி.ஐ.களைச் சேகரித்தார்கள், அத்தனையையும் ஒரே மூச்சில் படிக்கக் கொடுக்க முடியாதல்லவா? முதலில் ஒரு தேடுபொறி சிலவற்றைப் பொறுக்கி எடுத்துத் தருகிறது. அந்தப் பொறுக்கல் ஏ.பி.ஐ.யின் ஆவணத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. வாடிக்கையாளர் பேசும் சொற்கள் அதில் இல்லை என்றால், நல்ல கருவி வரிசையில் நிற்கக்கூட வராது.

இன்னும் ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஒரு விவரத்துக்கு மூன்று வரி எச்சரிக்கை எழுத வேண்டியிருந்தால், எச்சரிக்கையை விட்டுவிட்டு விவரத்தையே மாற்றுங்கள். ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் 2024 டிசம்பரில் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு நல்ல உதாரணம் சொன்னார்கள். கோடு திருத்தும் ஏஜென்ட் ஒன்று வேறு ஃபோல்டருக்குப் போன பிறகு, கோப்பின் பாதையைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. முழுப் பாதையை மட்டுமே ஏற்பதாகக் கருவியை மாற்றினார்கள். பிறகு அந்தத் தப்பே வரவில்லை. விளக்கத்தைத் திருத்தியே தீர்ந்த கதையும் அவர்களிடம் உண்டு. வலைத் தேடல் கருவியில் மாடல் தேவையில்லாமல் தேடல் சொற்களோடு '2025' என்று சேர்த்துக்கொண்டிருந்தது. விளக்கத்தை மாற்றியதும் நின்றுவிட்டது. எது எந்த வகை என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பஸ் நிறுவனத்தில் நாங்கள் இரண்டையும் செய்தோம். 'முழு புக்கிங்கையும் ரத்து செய்', 'ஒரு பயணியை மட்டும் நீக்கு' என்று கருவியை இரண்டாகப் பிரித்தோம். 'ஐடி' என்பது 'புக்கிங் எண்' ஆயிற்று. விடையில் யார் யார் பெயர் நீங்கியது, எத்தனை இருக்கை பாக்கி என்று வரும்படி செய்தோம். வாடிக்கையாளர் "ஆமாம்" என்று உறுதி சொல்லாமல் ரத்து ஓடாது என்பதைக் கோட்டிலேயே பூட்டினோம். அதை விளக்கத்தில் மட்டும் எழுதி மாடலின் நல்ல குணத்தை நம்பியிருக்க எனக்கு மனசு வரவில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விளக்கத்தை மாடல் நம்புகிறது என்றால், கெட்டவனும் விளக்கம் எழுதலாம் அல்லவா? 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். சாதாரணக் கூட்டல் கருவி. அதன் விளக்கத்துக்குள்ளே, பயனரின் ரகசியக் கோப்பைப் படித்து அனுப்பு என்ற மறைமுகக் கட்டளை. நமக்குத் திரையில் தெரியாது, மாடலுக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர் தந்த கருவியின் விளக்கத்தைத் தரம் பார்ப்பதற்கு முன்னால், அதை முழுசாக ஒரு மனிதர் படிக்க வேண்டும்.

"அண்ணா, இந்த விளக்கத்தையும் ஏஐயே எழுதிடாதா?" என்று முன்வரிசையில் ஒரு தங்கை கேட்பது கண்ணிலேயே தெரிகிறது. எழுதும்மா. கோடைக் கொடுத்தால் முதல் வரைவு நன்றாகவே எழுதும். சோர்ந்துபோய் வெள்ளிக்கிழமை மாலை நாம் எழுதுவதைவிட நன்றாகவே எழுதும். ஆனால் பண்டிகைக் காலத்தில் ரத்தான இருக்கை நிமிஷங்களில் போய்விடும், திரும்பக் கேட்டால் கிடைக்காது என்பது கோட்டில் எங்கே இருக்கிறது? அதை எங்களுக்குச் சொன்னவர் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் போன் எடுக்கும் ஓர் அம்மா. புதிய விளக்கத்தில் இருக்கும் நாலு வாக்கியத்தில் மூன்று அவர் வாயிலிருந்து வந்தவை. மாணவர்களுக்கு ஒரு யோசனை: இறுதியாண்டு புராஜெக்டுக்கு நம் கல்லூரி நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் தேட, ஒதுக்கி வைக்க, தவணை நீட்டிக்க என்று மூன்றே கருவி போதும். விளக்கம் எழுதும் முன்னால் நூலகரிடம் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மாணவர்கள் கவுண்டரில் நின்று என்னென்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் கேள்வித்தாள்.

பஸ் கருவிகளின் பழைய விளக்கம், புதிய விளக்கம் இரண்டையும், இருபது சோதனைக் கேள்விகளையும் நிறுவனத்தின் அடையாளம் நீக்கி அச்செடுத்து வந்திருக்கிறேன். வரவேற்பு மேஜையில் பதிவு நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாற்பது பிரதிதான், இந்நாள் மாணவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளட்டும், மூத்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கேள்வி உள்ளவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காரலாம்.